சூடு குறைஞ்சுது, வேர்வை காயலை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

இதை ரெக்கார்ட் பண்ணும்போது ராத்திரி பத்தரை மணி. சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிச்சு. மொட்டை மாடியில் இருக்கிற என் கருவி 31 டிகிரி காட்டுகிறது, ஈரப்பதம் 78 சதவீதம். சூரியன் மறைஞ்சு நாலு மணி நேரம் ஆகியும் இப்படி.

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "ப்ரோ, மழை எப்போ?" மே, ஜூன் மாதங்களில் சென்னையில் என்னிடம் யாரும் வேறு எதுவும் கேட்பதில்லை. பதில் சொல்றேன், கடைசி வரைக்கும் கேளுங்க. ஆனால் அதுக்கு முன்னாடி, இதே கேள்விக்கு நான் ரொம்ப நம்பிக்கையோடு பதில் சொன்ன ஒரு நாளைப் பற்றிச் சொல்லணும். அன்றைக்கு நான் சொன்ன எண் சரிதான். ஆனாலும் ஒருத்தங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

மொட்டை மாடி ஆய்வு நிலையம்

முதலில் என்னைப் பற்றி. நான் வானிலை படிச்சவன் கிடையாது. பகலில் ஐடி வேலை. வீடு கொரட்டூரில், நாலாவது மாடி. சின்ன வயசிலிருந்து மேகம்னா பைத்தியம். ஒரு கார்பென்டரை மூணு மாசம் நச்சரிச்சு, நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றைச் செய்து வாங்கினேன். உள்ளே வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டுகிற ஒரு டிஜிட்டல் கருவி. பக்கத்தில் ஒரு மழைமானி.

இந்தப் பெட்டி எதுக்குன்னா, வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெயிலில் வைக்க மாட்டார்கள். நிழலில், காற்றோட்டத்தில், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் வைப்பார்கள். டிவியில் "இன்று 41 டிகிரி" என்று சொல்வது அந்த நிழலுக்குள் இருக்கும் காற்றின் சூடு. தார் ரோட்டில் சிக்னலுக்காக நிற்கிற டெலிவரி தம்பி அனுபவிக்கிறது அதைவிட ரொம்ப அதிகம். இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

எங்க தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் நாலு வரி போடுவேன். இன்னிக்கு அதிகபட்ச வெப்பம் எவ்வளவு வரும், கடல்காற்று எத்தனை மணிக்கு, மழை உண்டா. குழுவில் 200 பேருக்கு மேல். பெரியவங்க என்னை "மழைத் தம்பி" என்பார்கள். கூச்சமா இருந்தாலும் பிடிச்சிருந்தது.

எங்களை மாதிரி ஆட்களுக்குக் கோடை இடிமழை மேல ஏன் இவ்வளவு வெறி என்று கேட்டால், 2019-ஐத்தான் சொல்வேன். அந்த வருஷம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றி, தெருவெல்லாம் குடம். ஆறு மாசத்துக்கு மேல் சென்னையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மழையே இல்லை. ஜூன் 20-ம் தேதி ஒரு மழை வந்தது. பெரிய மழைகூட இல்லை. ஆனால் எங்க தெருவில் வயசானவங்க ரோட்டில் இறங்கி நனைஞ்சாங்க. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது அதுக்கு அடுத்த மாசம்தான். ஒரு மாலை மழை ஒரு ஊருக்கு என்னவாக இருக்க முடியும் என்று அன்றைக்குப் பார்த்தவன் நான். அதனால் மழை வரும் என்று சொல்வதில் எனக்கு ஒரு அவசரம் உண்டு.

கத்திரி முடிஞ்சும் ஏன் கொதிக்குது?

அக்னி நட்சத்திரம் சுமார் மே 4-ல் தொடங்கி மே 28 வாக்கில் முடிகிறது. "கத்திரி முடிஞ்சாச்சு, இனிமே குறைஞ்சிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். சென்னையில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பநிலை 45 டிகிரி. எந்தத் தேதி தெரியுமா? 2003 மே 31. கத்திரி முடிந்த பிறகு!

காரணம் காற்று. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுகிறது. அந்த மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மலையிலிருந்து இறங்கி, காய்ந்த நிலத்தைத் தாண்டி நம்ம பக்கம் வருகிறது. நம்மிடம் வந்து சேரும்போது அது வறண்ட அனல்.

அதைத் தடுக்க நம்மிடம் இருப்பது ஒன்றுதான்: கடல்காற்று. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேல் காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. மேற்குக் காற்று பலமில்லாத நாளில் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கே கடல்காற்று நுழைந்துவிடும். வெப்பம் 36, 37-லேயே நின்றுவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்தி வைத்துவிடும். ரெண்டு மணி வரைக்கும் வராது. அந்த ரெண்டு மணி நேரத் தாமதம்தான் 37-க்கும் 42-க்கும் உள்ள வித்தியாசம்.

கடல்காற்று ஊருக்குள் நடந்துதான் வரணும். மெரினாவில் வந்த பிறகு எங்க கொரட்டூருக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும், ஆவடிக்கு இன்னும் தாமதம். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் பல நாட்கள் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

அதனால்தான் என்னை மாதிரி ஆட்களுக்குக் கடல்காற்று ஒரு ஹீரோ என்ட்ரி. ஒரு நிமிஷத்தில் கொடிக்கம்பியில் துணி திரும்பும், மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த அனல் நின்று கிழக்கிலிருந்து காற்று வரும், கருவியில் எண் கடகடவென்று இறங்கும். விசில் அடிக்கத் தோணும்.

அந்த வெள்ளிக்கிழமை

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூன் முதல் வாரம். எங்க தெரு முனையில், மயில்கொன்றை மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. நீலத் தார்ப்பாய், அதுக்குக் கீழே கரிப் பெட்டி. அதை வெச்சிருக்கிற அக்காவுக்கு ஐம்பது வயசு இருக்கும். அவங்க வீட்டுக்காரர் துணி வாங்கப் போவார், அக்கா தேய்ப்பாங்க.

காலையில் துணி கொடுக்கப் போனேன். அக்கா கேட்டாங்க: "தம்பி, நேத்தே முடியல. இன்னிக்குப் பகல்ல மூடிட்டு சாயங்காலம் வரட்டுமா?"

நான் சொன்னேன்: "ஒரு மணி வரைக்கும்தான்க்கா. அப்புறம் கடல்காற்று வந்துடும், சூடு குறைஞ்சிடும். சாயங்காலம் மழை இருக்கு. நீங்க சாயங்காலம் திறந்தீங்கன்னா வியாபாரம் போயிடும்."

எவ்வளவு அக்கறையான அறிவுரை பாருங்க!

அன்றைக்கு எனக்கு வீட்டிலிருந்து வேலை. ஒன்றே முக்காலுக்குக் கருவி 40.6 காட்டியது. மொட்டை மாடி என்பதால் என் கருவி கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், இருந்தாலும் பெரிய சூடு. ரெண்டு மணிக்குச் சற்று முன்பு கடல்காற்று வந்தது. அரை மணி நேரத்தில் 36. நான் குழுவில் போட்ட மெசேஜ் இன்னும் இருக்கு: "வந்தாச்சு கடல்காற்று! நாலரை டிகிரி அவுட். மாலை 6-க்கு மேல் இடிமழை. என்ஜாய் மக்களே." கீழே முப்பது பேர் கைதட்டல் எமோஜி.

மூன்றேகாலுக்குக் கீழ் வீட்டு ஆன்ட்டி படியிலிருந்து கத்தினாங்க: "தம்பி, ஓடி வா! இஸ்திரி அம்மா விழுந்துட்டாங்க!"

போய்ப் பார்த்தால் அக்கா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கிடக்காங்க. புடவை தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி நனைஞ்சிருக்கு. வாந்தி எடுத்திருக்காங்க. கூப்பிட்டால் பதில் வருது, ஆனால் தாமதமா வருது. ஆன்ட்டிதான் எல்லாம் செஞ்சாங்க. படிக்கட்டு நிழலுக்குத் தூக்கி வந்து, துண்டை நனைச்சுக் கழுத்திலும் அக்குளிலும் வெச்சு, விசிறிக்கொண்டே ஆட்டோ பிடிக்கச் சொன்னாங்க. நான் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தேன். போனில் 36 டிகிரி.

பானைத் தண்ணீர் சொன்ன கணக்கு

என்ன ஆச்சு? சூடு குறைஞ்சிருச்சே?

நம்ம உடம்பு எப்போதும் 37 டிகிரி பக்கத்தில் இருக்கணும். வெளியில் காற்று 36 என்றால், உடம்பின் சூடு தானாக வெளியேற வழி கிட்டத்தட்ட இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே வழி வேர்வை. வேர்வை வந்தால் மட்டும் போதாது, அது காயணும். காயும்போதுதான் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

மண்பானையை நினைச்சுப் பாருங்க. பானையின் மேல் தண்ணீர் கசிந்து காய்வதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. வேலூரில் பாட்டி வீட்டுப் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சென்னையில் அதே பானையை வாங்கி வெச்சா அந்த அளவுக்கு இருக்காது. பானையில் கோளாறு இல்லை. இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் கசிந்த தண்ணீர் காய மறுக்கிறது. நம்ம உடம்பும் ஒரு பானைதான்.

இதை அளக்கவே வானிலை நிலையங்களில் ஒரு பழைய முறை இருக்கிறது. ரெண்டு வெப்பமானி. ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழைச் சுற்றி ஈரத் துணி. துணி காயக் காய அந்த வெப்பமானி இறங்கும். அது எந்த எண்ணில் போய் நிற்கிறதோ அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வேர்வை எவ்வளவு தூரம் உன்னைக் குளிர்விக்க முடியும் என்பதற்கு அதுதான் எல்லை.

அன்று ராத்திரி என் கருவியின் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒன்றே முக்காலுக்கு 40.6 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம். ஈரக்குமிழ் சுமார் 25 டிகிரி. ரெண்டரைக்கு 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ஈரக்குமிழ் 29-க்கும் மேலே!

புரியுதா? நான் கைதட்டல் வாங்கிய எண் நாலரை டிகிரி இறங்கியிருக்கு. நான் பார்க்காத எண் நாலு டிகிரி ஏறியிருக்கு. ஈரப்பதமும் அதே திரையில், ரெண்டு விரல் கடைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால் ஆரோக்கியமான உடம்பும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வெச்சுச் சோதித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான சூழலில் அந்த எல்லை 31-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது என்று தெரிந்தது. அவங்க எல்லாம் இருபதுகளில் இருந்த ஆரோக்கியமானவங்க, செஞ்சது லேசான வேலை. நம்ம அக்காவுக்கு ஐம்பது வயசு, முன்னாடி கரி நெருப்பு.

மெரினாவில் 2024 அக்டோபர் 6-ம் தேதி விமான சாகச நிகழ்ச்சி நடந்தது ஞாபகம் இருக்கா? வெயிலின் பாதிப்பில் ஐந்து பேர் இறந்துபோனாங்க. அன்றைக்கு வெப்பநிலை 40-ஐத் தொடவே இல்லை. கடற்கரை ஈரம், நேரடி வெயில், நகர முடியாத கூட்டம். எண் சின்னதா இருந்தாலும் உடம்பு தாங்கவில்லை.

வானிலைத் துறையின் கணக்கிலும் இதுக்கு ஒரு இடம் உண்டு. சமவெளியில் வெப்ப அலை என்று சொல்லக் குறைந்தது 40 டிகிரி இருக்கணும். கடலோரத்துக்கு 37 போதும், ஆனால் அது அந்த நாளின் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்கணும். பிரச்சினை என்னன்னா, ஜூன் சென்னையில் 37 என்பதே வழக்கம். அதனால் நம்மைப் படுத்துகிற நாட்களில் பெரும்பாலானவை "வெப்ப அலை" என்ற பெயரே வாங்காமல் போய்விடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, நல்ல விஷயம். ஆனால் பெயர் வைக்காத நாட்களை நாமதான் பார்த்துக்கணும்.

வெயில்தான் மழையாகுது

சரி, மழைக்கு வருவோம். அன்று சாயங்காலம் மழை வந்துச்சா? வந்துச்சு. ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு. அது ஏன் வந்தது என்பதிலும் அதே ஈரம்தான்.

கோடை இடிமழைக்கு மூணு சாமான் வேணும். கீழே ஈரம். கீழே சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கிற வானம். அப்புறம், அந்த ஈரக் காற்றைத் தூக்கிவிட ஒரு உந்துதல். கடல்காற்று நுழையும்போது, கனமான கடல் காற்று ஒரு ஆப்பு மாதிரி சூடான நிலக் காற்றுக்கு அடியில் போய் அதை மேலே தூக்குகிறது. கடல்காற்றும் மேற்குக் காற்றும் முட்டிக்கொள்ளும் அந்தக் கோட்டில்தான் மேகம் பிறக்கும். செய்திகளில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது இதைத்தான்.

மேலே போன ஈரம் குளிர்ந்து துளியாகும்போது, ஆவியாகும் நேரத்தில் விழுங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளும். அப்படியே 15 கிலோமீட்டர் வரைக்கும் வளரும். நாம் போகிற விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டரில். அந்த உச்சியில் மைனஸ் 60-க்கும் கீழே. கீழே நாம் வேர்த்துக்கொண்டிருக்க, தலைக்கு மேல் ஒரு பனி மலை.

எவ்வளவு சக்தி என்று ஒரு கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு ஆவி தண்ணீராகும்போது வெளியாகும் வெப்பத்தை இபி யூனிட்டில் சொன்னால் கிட்டத்தட்ட 70 லட்சம் யூனிட். ஒரு நாளைக்குப் பத்து யூனிட் செலவழிக்கிற வீடு என்றால், ஏழு லட்சம் வீட்டின் ஒரு நாள் கரண்ட். ஒரு சின்ன மழைக்கே இவ்வளவு.

அந்தச் சக்தி இறங்கி வரும்போது முதலில் வருவது காற்று. மழையால் குளிர்ந்த கனமான காற்று பொத்தென்று விழுந்து, தரையில் மோதி நாலா பக்கமும் பாயும். மழைக்கு முன்னால் திடீரென்று மண் வாசனையோடு புழுதிக் காற்று வருமே, அதுதான். நம்ம ஊர்க் கோடையில் மரம் விழுவது பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிஷத்தில். மயில்கொன்றை மாதிரி உடைகிற மரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்போ ஏன் பல நாள் ஏமாத்துது? மேலே ஒரு சூடான அடுக்கு இருந்தால் அது குக்கர் மூடி மாதிரி. உள்ளே என்னதான் கொதித்தாலும் மேகம் வளர முடியாது, நாள் முழுக்கப் புழுக்கம் மட்டும்தான். இன்னொன்று, நாலு மணிக்குத் திருத்தணி, அரக்கோணம் பக்கம் உருவாகிற மேகங்களை மேல்மட்டக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். வழியில் சூடான ஈரம் கிடைத்தால் பெருக்கும். சென்னைக்குள் கடல்காற்று ஏற்கெனவே குளிர்ந்த படுக்கை விரித்திருந்தால், தீனி இல்லாமல் இளைத்துவிடும். அம்பத்தூரில் கொட்டும், அடையாறில் தூறல்கூட இருக்காது. அடையாறு நண்பர்கள் என்னைத் திட்டுவது இதனால்தான்.

ஆனால் எல்லாம் கூடி வந்தால் ஜூன் மழை விளையாட்டில்லை. 1996 ஜூன் நடுவில் மீனம்பாக்கத்தில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 2023 ஜூன் 19-ம் தேதி சென்னையில் மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். நம்ம வருடாந்தர மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது. நவம்பர் மட்டும் நம்ம மழைக்காலம் கிடையாது.

ஆஸ்பத்திரி வாசலில்

அக்காவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நினைவு தப்பும் அளவுக்குப் போகவில்லை, நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க என்று டாக்டர் சொன்னார். நான் வாசலில் நின்றேன். மேற்கே அந்த மேகம். உச்சி பட்டடைக்கல் மாதிரி தட்டையாக விரிந்து, அடிப்பகுதி மை மாதிரி. எத்தனையோ நாள் அதுக்காகக் காத்துக் கிடந்திருக்கேன். பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததுக்காக வெட்கமாவும் இருந்தது.

காற்று வந்தது, கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் உறுமியது. இடி ஒவ்வொன்றும் ஜன்னலை ஆட்டியது. அக்கா வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "வண்டில மூணு வீட்டுத் துணி இருக்கு தம்பி. போய் மூடிட்டு வரட்டுமா? மழை எப்ப நிக்கும்?"

அதே கேள்வி. கையில் ரேடார் படம் இருந்தது. 'ஏழே காலுக்கு நிக்கும்ண்ணே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியலண்ணே. ஆனா இப்ப போகாதீங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும், நானும் வரேன்."

போனபோது மரக்கிளை ஒன்று தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வண்டி மேலே கிடந்தது. துணி எல்லாம் சேறு. சாயங்காலம் மழை என்று சொன்ன நான், காற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் நான் சொன்னதைக் கேட்காமல் மதியம் மூடியிருந்தால் துணியும் வீட்டில் பத்திரமா இருந்திருக்கும், அக்காவும் வீட்டில் இருந்திருப்பாங்க. நாலு நாள் வண்டி திறக்கவில்லை. அந்தத் துணிகளை அண்ணன் திரும்பத் துவைச்சுக் கொடுத்தார்.

அஞ்சாம் நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. "நீ சொன்னது தப்பில்ல தம்பி. சூடு குறைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா வேர்வை காயல. துணில தெளிச்ச தண்ணிகூட அன்னிக்குக் காயல, பெட்டி வெச்சாத்தான் போச்சு. நான்தான் அப்பவே மூடியிருக்கணும்."

கேட்டுக்கொண்டே நின்றேன். மொட்டை மாடியில் நான் வாங்கி வைத்திருக்கிற கருவி செய்ய வேண்டிய வேலையை, அக்கா ஈரத் துணியை வைத்துச் செய்துகொண்டிருந்தாங்க.

இப்போ என்ன எழுதறேன்

குழுவில் இப்போதும் காலையில் எழுதறேன். ஆனால் அதிகபட்ச வெப்பம் முதல் வரியில் இல்லை. மூணு விஷயம் எழுதறேன்.

ஒன்று, எந்த நேரத்தில் வேர்வை காயாது. வெளியில் உடம்பு வேலை செய்யறவங்க அந்த நேரத்தில் நிழல், தண்ணி, இடைவெளி பார்த்துக்கோங்க என்று. கடல்காற்று வந்த பிறகான ரெண்டு மூணு மணி நேரத்தைத் தனியாகச் சொல்றேன். ராத்திரி வெப்பம் 30-க்குக் கீழே இறங்காத நாளையும் சொல்றேன், ஏன்னா தூக்கத்தில் ஆறாத உடம்பு மறுநாள் சீக்கிரம் விழும்.

ரெண்டு, மழையைவிட முதலில் காற்று, மின்னல். உங்களுக்கும் ஒரு எளிய கணக்கு: மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். முப்பதுக்குள் கேட்டால் உள்ளே போயிடுங்க. மரத்தடி வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். வீடியோ எடுக்கிற எங்க ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்க. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி போனில் இருக்கட்டும், பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். தண்ணி தேங்கின இடத்தில் மின்சாரப் பெட்டி பக்கம் போகாதீங்க.

மூணு, மழை வாய்ப்பை "உறுதி" என்று எழுத மாட்டேன். பத்துக்கு எத்தனை என்று எழுதறேன். ரேடார் பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்ன விஷயம்: சென்னைத் துறைமுக ரேடார் 2002-லிருந்து இருக்கு, படம் எல்லாருக்கும் திறந்திருக்கு, ஆனால் படத்தில் போட்டிருக்கும் நேரம் உலக நேரம். அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். இது தெரியாமல் சாயங்கால மேகத்தைக் காலையிலேயே போன மேகம் என்று நினைச்சுக் குடை எடுக்காமல் போனவன் நான்.

அப்புறம், யாராவது வெயிலில் சுருண்டால்: நிழலுக்குக் கொண்டுபோங்க, ஆடையைத் தளர்த்துங்க, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி, விடாம விசிறுங்க. பேச்சு குழறினாலோ, ஆள் யாரென்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு, உடனே 108. நினைவில்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க. எங்க ஆன்ட்டி எந்தக் கோர்ஸும் படிக்கல, இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

அக்கா இப்பவும் அதே மரத்தடியில்தான். காலையில் என் மெசேஜைப் படிக்கச் சொல்லிக் கேட்பாங்க. கேட்டுட்டு, ஒரு துணியில் தண்ணி தெளிச்சு வண்டி ஓரத்தில் போட்டு வைப்பாங்க. அது காயலன்னா, நான் என்ன எழுதியிருந்தாலும் கரியை அணைச்சுட்டுக் கிளம்பிடுவாங்க.

சரி, "ப்ரோ, மழை எப்போ?" நாளைக்கு மேற்குக் காற்று கொஞ்சம் தளருது. கடல்காற்று மத்தியானத்துக்கு முன்னாடியே வரலாம், எண் சின்னதா இருக்கும், புழுக்கம் பெருசா இருக்கும். சாயங்காலம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பத்துக்கு நாலு. கடலோரத்தில் பத்துக்கு ரெண்டு. அடையாறு நண்பர்களே, திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க.

உங்க தெருவில் வெயிலில் நின்று வேலை செய்யறவங்க யாராவது இருந்தா, நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணியோட போய்ப் பேசுங்க. வேர்வை காயுதான்னு கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். நான் போய் ஃபேனைப் போடறேன்.